கையைக் கேட்கும் சாமி

எனக்கு வாய் நீளம். என் அம்மா சொல்லியிருக்கிறாள், பட்டாளத்தில் சுபேதார் சொல்லியிருக்கிறார், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வந்த நர்ஸ்கூடச் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டவன் நான். இப்போது யாராவது சொன்னால் சிரிப்பு வருவதில்லை. என் உயிரைக் காப்பாற்றியவனை அவன் வீட்டைவிட்டு வெளியே துரத்தியது இந்த வாய்தான்.

பெயர் மாணிக்கம். ஊர் கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளி. நாற்பத்து நாலில் மணிப்பூர்ப் பக்கத்து மலையொன்றில் ஜப்பான்காரன் குண்டு என் இடது இடுப்பில் புகுந்தது. ஒரு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கிடந்துவிட்டுக் கைத்தடியோடு வீடு வந்து சேர்ந்தேன். நாற்பத்தாறு தை மாசம் ஒரு சர்க்கார் கடிதம் வந்தது. துப்பாக்கி பிடித்துச் சண்டை போட்டவர்களுக்குத் தரிசு நிலம் கொடுக்கிறார்களாம். எனக்கு மலைமேல் வளப்பூர் நாட்டில் நாலு ஏக்கராம். மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. நொண்டிக்கு மலைமேல் நிலம்! இதற்குச் சந்திரனில் கொடுத்திருக்கலாமே என்று வீடு அதிரக் கத்தினேன். கத்தி ஓய்ந்ததும் ஆசை வந்துவிட்டது. எங்கள் வம்சத்தில் எவனுக்கும் கால் காணி கிடையாது. அப்பனும் பாட்டனும் அடுத்தவன் காட்டில் உழைத்தே செத்தவர்கள்.

மலையில் எனக்குத் தெரிந்தவன் ஒருத்தன்தான், சென்றாயன். வளப்பூர் நாட்டுக்காரன், என்னைவிட ஐந்தாறு வயசு இளையவன். அவன் சுமைப் பட்டாளம். அப்படித்தான் நாங்கள் சொல்வோம். சிப்பாய்கள் நாங்கள் மேட்டில் குழி வெட்டி உட்கார்ந்திருப்போம். தோட்டாப் பெட்டி, தண்ணீர் டின், அரிசி மூட்டை என்று எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு அவர்கள் மேலே வருவார்கள். இறங்கும்போது அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கள்மேல் விழுந்த குண்டு அவர்கள்மேலும் விழுந்தது. அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சர்க்கார் காகிதத்தில் அவர்களுக்குப் பெயர் 'ஃபாலோயர்', அதாவது பின்னால் வருகிறவன்.

அவனுக்கு ஆள் அனுப்பினேன். இரண்டாம் நாள் காலை ஒரு மலைவாழைத் தாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"நல்லா இருக்கீங்களாண்ணா? காலு எப்படிங்க?"

"கால் கெடக்குது. நானும் உன் நாட்டுக்காரன் ஆகப்போறேன்டா, கேளு," என்று கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கிழக்கே ஓடை, தெற்கே வழுக்குப் பாறை, மேற்கே ஒத்தைக் கடுக்காய் மரம், வடக்கே காட்டிலாகா நட்ட எல்லைக் கல்.

"இன்னொருக்காப் படிங்கண்ணா," என்றான். படித்தேன். வாழைத்தாரை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தான்.

"அது எங்க காடுங்கண்ணா."

அவன் அப்பனும் பாட்டனும் உழுத காடு. பட்டா இல்லை. அந்த மலையில் பாதிப் பேருக்கு அது கிடையாது. யார் காடு யாருடையது என்று நாட்டுக்கே தெரியும், அதுதான் பட்டா. இரண்டு வருஷம் சாமை போட்டால் மூன்று வருஷம் மண்ணை ஆறப் போடுவார்கள். சென்றாயன் பட்டாளத்துக்குப் போன காலத்தில் உழ ஆளில்லாமல் அந்தக் காடு கூடுதலாகவே ஆறிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அளக்க வந்தவன், புல்லைப் பார்த்தான், தரிசு என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். போன வைகாசியில் இவன் திரும்பி வந்து உழுது சாமை போட்டு அறுத்தும்விட்டான். காகிதம் அதைக் கண்டதா?

"சண்டைக்குப் போனதால தரிசாச்சு. சண்டைக்குப் போனவருக்கே குடுத்துட்டாங்க. செரிதானுங்க," என்றான். குத்திப் பேசத் தெரியாதவன் அவன். நிஜமாகவே சரி என்றுதான் சொன்னான். "வேத்தாள் எவனோ வர்றதுக்கு நீங்க வந்தாத் தேவலைங்க."

எனக்கு உச்சியில் ஏறியது. "போடா கூமுட்டை! உன் காட்டைப் புடுங்கித் திங்கறதுக்கா மூணு மைல் என்னைத் தூக்கிட்டு வந்தே? அந்தக் காடு உனக்குத்தான். நான் வாங்கித் தாரேன், பாரு."

அன்றே மனு எழுதினேன். மாசி மாசம் தாசில்தார் வளப்பூரில் முகாம் போடுகிறார், அங்கே வந்து சொல் என்று பதில் வந்தது. சென்றாயன் இறங்கி வந்து என்னை அழைத்துப் போனான். படி ஏறக்கூடிய இடத்தில் ஏறினேன். செங்குத்தான இடம் வந்தால் முதுகைக் காட்டிக் குனிவான், நான் ஏறிக்கொள்வேன். அவன் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு இடுப்பில் குண்டு வாங்கிய அந்த நாள் ஞாபகம் வந்தது.

அன்றும் இப்படித்தான். கூட வந்த சுமைக்காரன் குண்டு பட்டு விழுந்துவிட்டான். ஆகவே சென்றாயன் ஸ்ட்ரெச்சரை எறிந்துவிட்டு என்னை முதுகில் போட்டுக்கொண்டு தனியாக இறங்கினான். மூங்கில் புதர் ஒன்றிலிருந்து ஒரு ஜப்பான்காரன் எழுந்து வந்தான். சோறு கண்டு எத்தனை நாளோ, எலும்பும் தோலுமாக இருந்தான். ஆனாலும் துப்பாக்கி முனையில் கத்தி இருந்தது, நேரே என் மேல்தான் வந்தான். சென்றாயன் என்னைக் கீழே போட்டான். புதர் வெட்டுவதற்கு என்று அவர்களுக்குக் கொடுத்திருந்த கொடுவாள் அவன் இடுப்பில் இருந்தது. ஒரே வெட்டு. கழுத்தில் விழுந்தது.

பிறகு ஓடையில் போய்க் கையைக் கழுவ உட்கார்ந்தவன் எழவே இல்லை. அழுதுகொண்டே மணலை அள்ளி அள்ளித் தேய்த்தான். "எப்பேர்ப்பட்ட காரியம் பண்ணியிருக்கே! இதுக்குப் போயி அழுவுறியேடா," என்று நான் படுத்த இடத்திலிருந்தே திட்டினேன். திரும்பி வந்தவன் ஒன்றுதான் சொன்னான். "இதை ஊர்ல சொல்லிராதீங்கண்ணா." அடக்கமான பையன், பெருமை பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். நான் கண்டது அவ்வளவுதான்.

வளப்பூரில் ஒரு பலா மரத்தடியில் மேசை போட்டுத் தாசில்தார் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் தூக்கிய டோலியில் ஏறி வந்த களைப்பு அவருக்கு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், காகிதத்துக்குக் கட்டுப்பட்டவர். ஊர்க்கவுண்டர் அப்பாசாமியும் ஊர் ஆண்கள் பத்துப் பதினைந்து பேரும் சுற்றி நின்றார்கள். சென்றாயன் பெண்சாதி சுப்பம்மாள் இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக ஓரத்தில் நின்றாள்.

"மனு பார்த்தேன்," என்றார் தாசில்தார். "உனக்குக் கொடுத்ததை இன்னொருத்தனுக்கு நீ கொடுக்க முடியாதப்பா. வேண்டாமென்றால் எழுதிக் கொடு. ஜாபிதாவில் அடுத்த ஆள் ராசிபுரம் பக்கத்து ஹவில்தார், அவருக்குப் போகும்."

"இவனும் பட்டாளத்துக்குப் போனவன்தானுங்களே?"

"இவன் ஃபாலோயர். அவர்களுக்கு நிலம் இல்லை. நற்சாட்சிப் பத்திரம் கொடுத்திருக்கிறார்களே!"

"அதை உழுது சாமை போடலாங்களா?" என்றேன். ஊர்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்திருக்கக் கூடாது. தாசில்தார் முகம் சிவந்தது.

"சண்டை போட்டவனும் மூட்டை தூக்கினவனும் ஒன்றா? நீ உயிரைப் பணயம் வைத்தாய், சர்க்கார் உனக்குச் செய்கிறது. மூட்டை இங்கேயும்தான் தூக்குகிறார்கள், எல்லாருக்கும் நிலம் கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எனக்கு எப்போதுமே மட்டு. கைத்தடியை மேசைமேல் ஓங்கித் தட்டினேன்.

"யாரு மூட்டை தூக்கினவன்? துப்பாக்கி வெச்சிருந்த நான் கீழே கெடந்தேனுங்க. கொடுவாள் வெச்சிருந்த இவன் ஜப்பான்காரன் கழுத்தை..."

"அண்ணா, வேண்டாமுங்க!" சென்றாயன் கத்தினான். அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஓடி வந்து என் தோளைப் பிடித்தான். நான் நிறுத்தினேனா? உதறிவிட்டேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். மூங்கில் புதர், துப்பாக்கிக் கத்தி, ஒரே வெட்டு. ரத்தம் தெறித்து இவன் முகமெல்லாம் நனைந்தது வரைக்கும் சொன்னேன். கொஞ்சம் மசாலாவும் சேர்த்துக்கொண்டேன். சாட்சி யார் என்று தாசில்தார் கேட்டார். நானே சாட்சி, என் இடுப்பே சாட்சி என்றேன். அவர் பேனாவைத் திறந்தார். எதிரியோடு நேருக்கு நேர் சண்டையிட்டதற்குச் சாட்சி இருந்தால் விசேஷ சிபாரிசு செய்ய இடமிருக்கிறது என்று பக்கத்தில் நின்ற குமாஸ்தா அவர் காதில் சொன்னான்.

எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். யார் முகத்திலும் சிரிப்பில்லை. சுப்பம்மாள் புருஷன் முகத்தைப் பார்க்காமல் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாசாமிக் கவுண்டர் தாசில்தாரைக் கும்பிட்டு, "நாங்க போயிட்டு வாரோமுங்க," என்றார். ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

"என்னடா எல்லாரும் போறாங்க? காடு கெடச்சிருச்சுடா!"

"வெதை போச்சுங்கண்ணா," என்றான் சென்றாயன்.

எனக்கு விளங்கவில்லை. அவன் விளக்கவும் இல்லை. அன்று பின்னேரம் கவுண்டர் வீட்டு வாசலுக்கு நொண்டி நொண்டிப் போனேன். அவர் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்த தன் பெண்சாதியை உள்ளே போகச் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு கட்டையை எடுத்துப் போட்டார். அப்புறம்தான் சொன்னார்.

வைகாசியில் மழை விழுந்ததும் வீட்டுக்கு வீடு விதைச் சாமையைக் கொண்டுவந்து பெரியசாமி கோயிலில் ஒரே குவியலாகக் கொட்டுவார்கள். கவுண்டர் கையால் கலப்பார். கலந்ததை மறுபடி வீட்டுக்கு வீடு பிரித்து அளப்பார். அதற்குப் பிறகு அது என் விதை உன் விதை இல்லை, ஊர் விதை. ஒவ்வொருவன் காட்டிலும் எல்லோர் விதையும் முளைக்கும். அதனால்தான் சாமி கையைக் கேட்கிறது. மனுஷனைக் கொன்ற ரத்தம் பட்ட கை விதையைத் தொடக்கூடாது. அந்தக் கைக்காரன் விதை இருக்கிற வீட்டில் படுக்கவும் கூடாது. என்ன காரணத்துக்குக் கொன்றான் என்ற கேள்வி கிடையாது.

"அவன் திரும்பி வந்தப்ப நான் கேட்டிருக்கோணுமுங்க," என்றார் கவுண்டர். "துப்பாக்கி புடிச்சுப் போயிருந்தான்னா ஊர் எல்லையிலயே நிறுத்திக் கேட்டிருப்பேன். சுமை தூக்கப் போனவன்தானே, இவனை என்ன கேக்கறதுன்னு உட்டுட்டேன். தப்பு என்மேல."

"என்னைத் தூக்கிட்டு வந்த கையுங்க அது!"

"தெரியுது சாமி. அதனாலதான் எனக்கு வயிறு எரியுது. ஆனாப் போன வருசம் அவன் போட்ட வெதை இப்ப இந்த ஊர்ல எல்லா ஊட்டுக் குதிர்லயும் கெடக்குது. எதைன்னு பொறுக்கி எடுப்பேன்? இந்த ஊரு வெதை அத்தனையும் ஆக்கித் தின்னு தீர்த்துட்டு, தேவனூர் நாட்டுக்குப் போயிக் கை நீட்டி வெதை வாங்கோணும். என் காலத்துல இப்படி ஒண்ணு நடந்ததில்லீங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. இதற்குப் பரிகாரம் ஒன்றும் இல்லையா, ஆடு கோழி எதுவும் கேட்காதா உங்கள் சாமி என்றேன். கவுண்டர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அப்படீன்னா நான் பொய் சொன்னேன்னு வெச்சுக்குங்க," என்றேன். "காட்டுக்கு ஆசைப்பட்டு இட்டுக்கட்டினேன். கோயில்ல சூடம் தொட்டுச் சத்தியம் பண்றேன். தாசில்தாருக்கும் அப்படியே எழுதிப் போட்டுடறேன்."

அவருக்கும் அது பொய் என்று தெரியும். ஆனாலும் அந்தக் கிழவர் கண்ணில் ஒரு ஆசை வந்ததை நான் பார்த்தேன். "பண்ணுங்க," என்றார் கடைசியில். "ஊர் ஏத்துக்கும். சாமி ஏத்துக்குதா இல்லியாங்கறது உங்க பாடு."

காடு போய்விடும், அது எனக்குத் தெரிந்தே இருந்தது. நான் பொய்யன் என்று ஆகிவிட்டால் ராசிபுரத்துக்காரன் வந்து உட்கார்ந்துகொள்வான். போகட்டும், ஆளாவது வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேன். சென்றாயனைத் தேடிப் போனால், அவன் தன் வீட்டு வேலிக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். யாரும் போகச் சொல்லும் முன்பே வெளியே வந்துவிட்டிருந்தான். வேலிக்கு உள்ளே நின்று சின்னது அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் செய்யப்போவதைச் சொன்னேன். அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை கோயிலில் ஊர் கூடியது. கோயில் என்றால் கோபுரமா, மரத்தடியில் நாலு கல், மூன்று வேல். கவுண்டர் ஒரு தட்டில் சூடத்தை ஏற்றி என் முன்னால் நீட்டினார். பொய் எனக்குப் புதுசில்லை. பட்டாளத்தில் லீவுக்காக உயிரோடிருந்த மாமனையே இரண்டு தடவை சாகடித்தவன் நான். ஆனாலும் சூடத்தைத் தொடுமுன் கையை ஒரு தடவை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"காரவள்ளி மாணிக்கம் சொல்றேன். நேத்து நான் தாசில்தாருக்கு முன்னால சொன்னது..."

அதற்குள் ஒரு கை குறுக்கே வந்து எரிகிற சூடத்தின் மேல் விழுந்தது. சதை பொசுங்கும் வாசனை வந்தது. சென்றாயன் உள்ளங்கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றான்.

"அண்ணன் சொன்னது நெசமுங்க," என்றான்.

"கையை எடுடா பைத்தியக்காரா!"

"நெசமுங்க கவுண்டரே. வெட்டினேன். அவன் நிக்கவே தெம்பில்லாம இருந்தான். புடிச்சுத் தள்ளியிருந்தாக் கூட விழுந்திருப்பானோ என்னமோ. எனக்கு அப்பத் தெரியலீங்க. ஒரு வருசமா இதை வெச்சுக்கிட்டு உங்க வெதையில கை போட்டேன். ஒரு நாள் நெம்மதியாத் தூங்கியிருப்பனா, இவளைக் கேளுங்க. இப்ப அண்ணனையும் பொய் சொல்ல வெச்சு, அதுலயும் கை போடச் சொல்றீங்களா? என்னால ஆகாதுங்க."

சுப்பம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "சொல்லியிருந்தா நானும் உன்னோட சேர்ந்து தூங்காம இருந்திருப்பனே," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கவுண்டர் தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சென்றாயன் தன் காட்டுக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசை போட்டுக்கொண்டான். சுப்பம்மாள் இலையில் சோறு கொண்டுபோய்க் கொடுப்பாள், அவன் தின்னலாம். சமைத்த சாமையைத் தொடத் தடையில்லை, விதைச் சாமையைத்தான் தொடக்கூடாது. ஊர்க்காரர்கள் அவனோடு பேசினார்கள், சண்டை சச்சரவு எதுவும் இல்லை. விறகு வெட்டக் கூப்பிட்டார்கள், சுமை தூக்கக் கூப்பிட்டார்கள். அதற்கு மட்டும் அவனுக்கு எந்தத் தடையும் இல்லை!

வைகாசியில் சர்க்கார் உத்தரவு என் விலாசத்துக்கு வந்தது. நேரடிப் போரில் எதிரியைக் கொன்ற வீரச் செயலைக் கருதி, ஃபாலோயர் சென்றாயனைப் போர் வீரனுக்குச் சமமாகப் பாவித்து, நாலு ஏக்கரும் அவன் பெயருக்கே விசேஷமாக வழங்கப்படுகிறது. இந்தப் பருவத்திலேயே பயிர் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் நிலம் சர்க்காருக்குத் திரும்பிவிடும். படித்துவிட்டுக் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே தேடி எடுத்து நீவி மடித்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு கூலியாட்களின் கையைக் காலைப் பிடித்து டோலி கட்டச் சொல்லி மலையேறினேன். மழை விழுந்திருந்தது. தேவனூர் நாட்டு விதை வந்து கலந்து அளந்தாகிவிட்டது. கவுண்டர் சுப்பம்மாளுக்கும் பங்கு கொடுத்திருந்தார். காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது அவள் மாமனார் காடு, வீட்டில் இப்போது ரத்தக் கை இல்லை என்று ஊரில் பேசிச் சரி செய்திருந்தார். காட்டையும் சுப்பம்மாள் ஆள் பிடித்து உழுதுவிட்டிருந்தாள். ஆனால் விதை அப்படியே கூடையில் இருந்தது. பெண்கள் விதை வீசுவதில்லை. பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள்.

"ஊர்ல இத்தனை ஆம்பளைங்க இருக்கீங்களே, ஒருத்தர் வீசிக் குடுத்தா என்னங்க?" என்று கேட்டேன்.

"நாட்டான் ஒருத்தன் வெதச்சா அந்தக் காடு அவனுது ஆயிருமுங்க. அது எங்க வழக்கம்," என்றார் கவுண்டர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கீழ்நாட்டுக்காரருக்கு அந்த வழக்கம் இல்லீங்க. நீங்க வீசலாம்."

"நானா?" சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கவுண்டரே, நான் சிப்பாயிங்க. எத்தனை பேரைச் சுட்டேன்னு எனக்கே கணக்குத் தெரியாது. சம்பளம் வாங்கிட்டுச் சுட்டேனுங்க. நான் தொடலாமா?"

"உங்களை எங்க சாமி கேக்கறதில்லீங்க," என்றார் அவர்.

காலையில் காட்டில் இறங்கினேன். சாமை பொடி விதை, மணலோடு கலந்து கொடுத்திருந்தாள் சுப்பம்மாள். கைத்தடியை வரப்பில் போட்டுவிட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டேன். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அடுத்தவன் காட்டில் வேலை செய்த குடும்பம்தான், ஆனால் நான் பதினெட்டு வயசில் துப்பாக்கி பிடிக்கப் போனவன். எனக்கு விதை வீசத் தெரியாது. ஒரு பிடி அள்ளி எறிந்தேன், கோழிக்குப் போட்டதுபோல் காலடியில் விழுந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் சென்றாயன் நின்றிருந்தான். இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஒரே எடத்துல விழுகுதுங்கண்ணா. வெரலை அகட்டிக்குங்க."

அகட்டினேன். வீசினேன்.

"நொண்டிக் காலு ஊனறப்ப வீசாதீங்க. நல்ல காலு ஊனறப்ப வீசுங்க. அப்பத்தான் கை தூரம் போகும்."

"தெரிஞ்சவன் நீ வந்து வீசேன்டா!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவன் முகம் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பியது. சுப்பம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இந்த வாயை அறுத்து அந்த ஓடையில் எறிந்தாலும் தகும்.

சென்றாயன் திரும்பினான். கோபம் இல்லை அவன் குரலில்.

"மேட்டுப் பக்கம் கொஞ்சம் கூடப் போடுங்கண்ணா, மழை அடிச்சா அங்கிருந்துதான் கீழ எறங்கும். ம், அப்படித்தானுங்க. கை காலியாயிருச்சு, இன்னொரு பிடி அள்ளுங்க."

அள்ளினேன். கண் மறைத்துக்கொண்டு வந்தது, துடைக்கக் கை இல்லை. வீசுகிற விதை எங்கே விழுகிறதென்றே எனக்குத் தெரியவில்லை. அவன்தான் அந்தப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தான்.